சக்கரத்தில் பூட்டு! சாவி யார் கையில்?

தனியார் இடத்தில் நிறுத்திய வண்டியைப் பூட்டி வைக்க நிலத்துக்காரருக்கு அதிகாரம் உண்டா? சட்டம் சொல்வது என்ன?

செங்கல்பட்டு,

ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் ஆறு மணி. மாமல்லபுரத்தில் ஜனம் நெரிகிறது. கடற்கரைக் கோவிலைப் பார்த்துவிட்டு, ஐந்து ரதத்தையும் சுற்றிவிட்டு, குழந்தை குட்டிகளோடு ஒரு குடும்பம் திரும்பி வருகிறது. காலையில் காரை நிறுத்திய காலி மனைக்கு வந்தால், முன் சக்கரத்தில் பெரிய இரும்புப் பூட்டு!

"இது பிரைவேட் இடம். போர்டு பார்க்கலையா? ஆயிரம் ரூபாய் எடுங்க. அப்புறம்தான் வண்டி நகரும்" என்கிறார் அங்கே நிற்கும் ஆள்.

குழந்தை அழுகிறது. இருட்டுகிறது. வாடகைக் கார் என்றால் டிரைவரின் பாடு இன்னும் மோசம். அடுத்த சவாரி போச்சு. அன்றைய வருமானம் போச்சு. மாதத் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும்.

வேறு வழி? பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

இது ஒரு உதாரணம்தான். ஆனால் எங்கே வேண்டுமானாலும் நடக்கக் கூடியது. சக்கரப் பூட்டு ஒரு காலத்தில் போக்குவரத்து போலீசாரிடம் மட்டும் இருந்த சாமான். இன்று கடையில் கிடைக்கிறது. செல்போனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வருகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பு சங்கம் முதல் காலி மனைக்காரர் வரை யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

வாங்கலாம். சரி. அடுத்தவர் வண்டியில் மாட்டலாமா?

போலீசுக்கு உண்டு

வண்டியின் சக்கரத்தைப் பூட்டும் அதிகாரம் 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிறது. 127-வது பிரிவு. அதில் சக்கரப் பூட்டு என்றே பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள்.

எப்போது பூட்டலாம்? பொது இடத்தில் ஒரு வண்டி கேட்பாரற்று பத்து மணி நேரமோ அதற்கு மேலோ கிடந்தால் பூட்டலாம். அல்லது, வண்டி நிறுத்தக் கூடாது என்று சட்டப்படி தடை செய்த இடத்தில் நிறுத்தியிருந்தால் பூட்டலாம். இழுத்துக் கொண்டும் போகலாம். இழுத்த கூலி வண்டிக்காரர் தலையில்தான் விழும்.

யார் உத்தரவு போடுவது? அந்த எல்லைக்கு அதிகாரம் உள்ள, சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி. கவனிக்க வேண்டியது இதுதான். மப்டியில் வரும் போலீஸ்காரருக்கே இந்தப் பிரிவில் இடம் இல்லை. அப்படி இருக்க, காலி மனைக்காரருக்கோ, கல்யாண மண்டபத்து வாட்ச்மேனுக்கோ, பார்க்கிங் காண்டிராக்டருக்கோ எங்கே இடம்?

தப்பான இடத்தில் நிறுத்தியதற்கு அபராதமும் சட்டத்தில் இருக்கிறது. 2019-ம் ஆண்டு திருத்தத்துக்குப் பிறகு 177-வது பிரிவின்படி முதல் தடவை ரூ.500 வரை. மறுபடியும் செய்தால் ரூ.1,500 வரை. அந்தப் பணமும் அரசாங்கத்துக்குப் போகிற பணம். தனி ஆள் "அபராதம்" என்று போர்டில் எழுதி வைத்து வசூல் செய்ய இந்தச் சட்டம் எந்த அதிகாரமும் கொடுக்கவில்லை.

எது பொது இடம்?

இங்கேதான் தகராறு ஆரம்பம். ரோடு, தெரு, பஸ் நிறுத்தம் எல்லாம் பொது இடம். பொதுமக்களுக்குப் போக உரிமை உள்ள எந்த இடமும் பொது இடம் என்று அதே சட்டத்தின் 2-வது பிரிவு சொல்கிறது.

ஓட்டல் முற்றம்? கல்யாண மண்டப வாசல்? பட்டா நிலம், ஆனால் யார் வேண்டுமானாலும் வந்து போகிறார்கள். அது எந்தக் கணக்கு?

கோர்ட்டுகள் இதை இடத்துக்கு இடம் பார்த்திருக்கின்றன. விபத்து இன்சூரன்ஸ் வழக்கு ஒன்றில், சொந்தக்காரர் இருக்கும் இடமானாலும் ஜனங்கள் வந்து போகும் இடம் பொது இடம்தான் என்று 1988-ம் ஆண்டு பம்பாய் ஐகோர்ட்டு புல் பெஞ்ச் பரந்த அர்த்தம் கொடுத்தது. ஆனால் 2025-ம் ஆண்டு வாகன வரி வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டு வேறு மாதிரி இடத்தைப் பார்த்தது. விசாகப்பட்டினம் உருக்காலை. சுற்றிலும் மதில். அனுமதி பெற்றவர்தான் உள்ளே போக முடியும். அப்படி அடைத்த வளாகம் பொது இடம் ஆகாது என்று தீர்ப்பு வந்தது.

ஆக, மதிலும் கேட்டும் காவலும் இருந்தால் தனியார் இடம். திறந்து கிடந்து ஊரே வந்து போனால், பொது இடம் என்ற வாதத்துக்கு வலு உண்டு.

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். பொது இடம் என்று முடிவானால், பூட்டும் அதிகாரம் போலீசுக்கு. தனியார் இடம் என்று முடிவானால், 127-வது பிரிவின் பத்து மணி நேரக் கணக்கே அங்கே வராது. இரண்டில் எது ஆனாலும் நிலத்துக்காரர் கைக்குப் பூட்டு வருவதில்லை.

மாட்டுக்கு உண்டு, காருக்கு இல்லை

"என் நிலத்தில் அத்துமீறி நுழைந்ததைப் பிடித்து வைக்க எனக்கு உரிமை இல்லையா?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அப்படி ஒரு உரிமையை வெள்ளைக்காரன் காலத்திலேயே சட்டமாக எழுதினார்கள். ஆனால் அது மாட்டுக்கு!

1871-ம் ஆண்டு கால்நடை அத்துமீறல் சட்டம். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் பக்கத்து விவசாயக் குடும்பங்களில் பெரியவர்களைக் கேட்டால் "பவுண்டு" கதை சொல்வார்கள். வயலில் மேய்ந்து பயிரை அழித்த மாட்டை நிலத்துக்காரர் பிடிக்கலாம் என்றது அந்தச் சட்டம்.

பிடித்து என்ன செய்வது? தன் வீட்டுத் தொழுவத்தில் கட்டிக்கொண்டு பேரம் பேச முடியாது. 24 மணி நேரத்துக்குள் பவுண்டுக்கு அனுப்ப வேண்டும். அங்கே கட்ட வேண்டிய தொகையை நிர்ணயிப்பது சர்க்கார். வாங்குவதும் பவுண்டுக்காரர். பயிரைப் பறிகொடுத்தவரே நீதிபதியாகி அபராதம் போட அந்தக் காலத்திலும் சட்டம் விடவில்லை.

கார் பயிரை மேய்வதில்லை. காருக்கு என்று அப்படி ஒரு பவுண்டுச் சட்டமும் தனியார் நிலத்துக்கு எழுதப்படவில்லை. பூட்டுவதும் அவரே, தொகை சொல்வதும் அவரே, வாங்கிப் பையில் போடுவதும் அவரே என்றால் எப்படி?

மெக்கானிக் மட்டும் பிடித்து வைக்கலாமா?

"ரிப்பேர் கூலி கொடுக்காவிட்டால் ஷெட்டுக்காரர் வண்டியை விடுவதில்லையே, அது மட்டும் எப்படி?" என்ற கேள்வியும் வரும்.

அதற்குச் சட்டம் இருக்கிறது. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 170-வது பிரிவு. ஒப்படைத்த பொருளில் உழைப்பையோ தொழில் திறமையையோ செலவிட்டவர், அந்தக் கூலி கைக்கு வரும் வரை பொருளைப் பிடித்து வைக்கலாம். தையல்காரருக்கும் அதே விதிதான்.

அடுத்த 171-வது பிரிவு, பொதுவான பாக்கிக்காகப் பொருளைப் பிடித்து வைக்கக் கூடியவர்கள் யார் யார் என்று பட்டியல் போடுகிறது. பாங்கிக்காரர், வியாபார ஏஜெண்டு, துறைமுகக் கிடங்குக்காரர், ஐகோர்ட்டு வக்கீல், இன்சூரன்ஸ் தரகர். அவ்வளவுதான். மற்றவர்களுக்கு வெளிப்படையான ஒப்பந்தம் இருந்தால் ஒழிய உரிமை இல்லை. பார்க்கிங்காரர் பெயர் பட்டியலில் இல்லை.

வண்டிக் கடன் கொடுத்தவருக்கே கட்டுப்பாடு உண்டு. தவணை தவறினால் வண்டியை எடுக்கலாம் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியவர் அவர். ஆனாலும் அடியாட்களை அனுப்பி வண்டியைப் பறிக்கக் கூடாது, சட்டப்படியான வழியில்தான் போக வேண்டும் என்று 2007-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு கண்டித்துச் சொன்னது. லட்சக்கணக்கில் கடன் கொடுத்தவருக்கே இந்தக் கதி. ஐம்பது ரூபாய் பார்க்கிங் கட்டணக்காரர் எந்த மூலை?

போர்டு வைத்தால் போதுமா?

நிலத்துக்காரர் கையில் இருக்கும் ஒரே துருப்புச் சீட்டு இந்தப் போர்டுதான். "இங்கே நிறுத்தினால் பூட்டப்படும், அபராதம் ரூ.1,000" என்று எழுதி வைத்தேன், பார்த்துவிட்டுத்தானே நிறுத்தினார், அப்படியானால் ஒத்துக்கொண்டார் என்றுதானே அர்த்தம் என்பது வாதம்.

இந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஓட்டைகள் நிறைய.

போர்டு கண்ணில் படும்படி இருந்ததா? தமிழில் இருந்ததா? ராத்திரியில் தெரிந்ததா? வெளிமாநிலத்தில் இருந்து வரும் டிரைவருக்குப் புரிந்ததா? இதையெல்லாம் நிரூபிப்பது போர்டு வைத்தவர் பொறுப்பு.

போர்டு ஒப்பந்தம்தான் என்றே வைத்துக்கொண்டாலும், ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு குறுக்கே நிற்கிறது. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று தொகை எழுதியிருந்தாலும், கோர்ட்டு கொடுக்கப் போவது அந்தத் தொகைக்கு மேல் போகாத, நியாயமான நஷ்ட ஈடு மட்டுமே. ஐம்பது ரூபாய் இடத்துக்கு ஆயிரம் ரூபாய் என்பது நியாயமா என்று கோர்ட்டு கேட்கும்.

இன்னொரு கூத்தும் உண்டு. பார்க்கிங் டோக்கனைத் திருப்பிப் பாருங்கள். "வண்டிக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று அச்சடித்திருக்கும். டெல்லியில் ஒரு பெரிய ஓட்டலில், 1998-ம் ஆண்டு, ஊழியரிடம் சாவி கொடுத்து விட்ட கார் திருடு போனது. "உரிமையாளர் பொறுப்பு" என்று டோக்கனில் போட்டிருக்கிறோம் என்றது ஓட்டல். 2019-ம் ஆண்டு நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அதை ஏற்கவில்லை. சாவியை வாங்கி வண்டியைத் தன் வசம் வைத்திருந்தவர், கவனமாகப் பார்த்துக்கொள்ளத் தவறிவிட்டு, டோக்கன் வாசகத்தைக் காட்டித் தப்ப முடியாது என்றது.

திருடு போனால் பொறுப்பு இல்லை என்பவருக்கு, பூட்டு போட மட்டும் எங்கிருந்து பொறுப்பு வந்தது?

லண்டனில் என்ன நடந்தது?

இந்தத் தலைவலியை நமக்கு முன்பே பார்த்த நாடு இங்கிலாந்து. அங்கே தனியார் இடங்களில் பூட்டு போடுவது பெரிய தொழிலாகவே நடந்தது.

முதல் அடி ஸ்காட்லாந்தில் விழுந்தது. 1992-ம் ஆண்டு அங்குள்ள உயர் நீதிமன்றம், தனியார் இடத்தில் வண்டியைப் பூட்டி வைத்துப் பணம் கேட்பது மிரட்டிப் பணம் பறித்தல் என்றது. திருட்டுக் குற்றமும் ஆகும் என்றது. "எடுத்துக்கொண்டு போகவில்லையே, இருந்த இடத்தில்தானே இருக்கிறது" என்ற சமாதானம் எடுபடவில்லை. சொந்தக்காரர் அனுபவிக்க முடியாமல் செய்துவிட்டாய் அல்லவா என்று கேட்டார்கள்.

இங்கிலாந்துக் கோர்ட்டுகள் வேறு வழியில் போயின. 1990-களில் வந்த ஒரு வழக்கில், தெளிவான போர்டைப் பார்த்துவிட்டு நிறுத்தியவர் சம்மதித்தவர்தான் என்றது மேல் கோர்ட்டு. ஆனால் நிபந்தனை போட்டது. தொகை நியாயமாக இருக்க வேண்டும். பணம் கொடுத்ததும் தாமதம் இல்லாமல் திறக்க வேண்டும். யாரிடம் பணம் கட்டுவது என்று தொடர்பு கொள்ள வழி இருக்க வேண்டும். அதே வழக்கில், மாட்டைப் பிடிக்கும் பழைய உரிமையைச் சும்மா நிற்கும் காருக்கு நீட்ட முடியாது என்றும் சொன்னது.

நிபந்தனைகளை யார் மதித்தார்கள்? புகார் மேல் புகார். பூட்டுபவருக்கு லைசென்சு என்று சட்டம் கொண்டு வந்தார்கள். அதுவும் போதவில்லை. கடைசியில் 2012-ம் ஆண்டு நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும், சட்டப்படி அதிகாரம் இல்லாதவர் தனியார் நிலத்தில் வண்டியைப் பூட்டுவது குற்றம். போர்டைப் பார்த்து ஒத்துக்கொண்டார் என்ற சாக்கும் செல்லாது.

ஆனால் அவர்கள் நிலத்துக்காரரை அம்போ என்று விடவில்லை. அதே சட்டத்தில், பார்க்கிங் கட்டணம் கொடுக்காமல் போனவர் யார் என்று தெரியாவிட்டால், குறிப்பிட்ட நடைமுறையைப் பின்பற்றி, வண்டியின் பதிவுப் பொறுப்பாளரிடம் அந்தத் தொகையைக் கேட்கலாம் என்று வழி வைத்தார்கள். பூட்டைப் பிடுங்கிக்கொண்டு, நோட்டீசைக் கையில் கொடுத்தார்கள்.

பூட்டியவர் மீது வழக்கு வருமா?

இந்தியாவில் அப்படி ஒரு தனிச் சட்டம் கிடையாது. பூட்டலாம் என்றும் இல்லை, பூட்டக் கூடாது என்றும் இல்லை. ஆகவே பொதுவான குற்றவியல் சட்டத்தைத்தான் புரட்ட வேண்டும். 2024-ம் ஆண்டு ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருப்பது பாரதிய நியாய சன்ஹிதா.

அதில் 308-வது பிரிவு மிரட்டிப் பணம் பறித்தல். ஏழு ஆண்டு வரை ஜெயில். கேடு விளைவிப்பதாகப் பயம் காட்டிப் பணம் வாங்கியது நிரூபணம் ஆக வேண்டும். "போர்டில் போட்ட கட்டணத்தைத்தான் கேட்டேன்" என்பது எதிர் வாதமாக வரும்.

324-வது பிரிவு சேதம் விளைவித்தல். பொருளை உடைப்பது மட்டும் அல்ல, நஷ்டம் உண்டாக்கும் எண்ணத்தோடு அதன் பயனைக் குறைப்பதும் அதில் வரும்.

126-வது பிரிவு ஆளைத் தடுத்து நிறுத்துவது. இது மனிதரைப் பற்றியது, வண்டியைப் பற்றியது அல்ல. ஆனால் வண்டியில் நோயாளியை உட்கார வைத்துக்கொண்டு, கேட்டையும் மூடி, ஆளை விடாமல் நிறுத்தினால் விவகாரம் வேறு திசைக்குப் போகும்.

காவலுக்கு நிற்கும் ஆட்களுக்கும் சட்டம் இருக்கிறது. 2005-ம் ஆண்டுச் சட்டப்படி தனியார் காவல் நிறுவனங்கள் லைசென்சு வாங்க வேண்டும். போலீஸ், ராணுவ உடுப்பைப் போலத் தோன்றும் உடுப்பைப் போட்டுக்கொண்டு நின்றால் அதற்கும் தண்டனை உண்டு.

கடை வாசல் யாருடையது?

கடைக்காரர்கள் காது கொடுக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. செங்கல்பட்டு ரெயில் நிலையத்தைச் சுற்றியுள்ள கடைத்தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒருவர் மோட்டார் சைக்கிளைக் கடை வாசலில் சாத்திவிட்டு சென்னைக்கு ரெயில் ஏறிவிடுகிறார். ராத்திரி எட்டு மணிக்குத்தான் வருவார். வாடிக்கையாளர் ஏற முடியவில்லை. சரக்கு இறக்க முடியவில்லை. எந்தக் கடைக்காரருக்குத்தான் வயிறு எரியாது? சங்கிலியைப் போட்டுக் கட்டிவிடத் தோன்றும்.

கட்டக் கூடாது. முதலில் பட்டாவை எடுத்துப் பார்க்க வேண்டும். கடைப் படியோடு பட்டா முடிந்து, அதற்கு அப்பால் நடைபாதையும் ரோடும் என்றால், அது கடைக்காரர் இடமே அல்ல. பொது இடம். அங்கே "நோ பார்க்கிங்" போர்டு வைக்கவும் அவருக்கு அதிகாரம் இல்லை. பூந்தொட்டி, கல், டிரம் வைத்து மறித்தால் ஆக்கிரமிப்பு ஆகிவிடும்.

ஆனால் பொது இடம் என்பதால் அவருக்கு ஒரு வசதியும் உண்டு. பத்து மணி நேரக் கணக்கு அங்கே பொருந்தும். நிறுத்தத் தடை போட்ட தெரு என்றால் நேரக் கணக்கும் தேவையில்லை. போலீசில் சொன்னால், அவர்கள் பூட்டலாம், தூக்கலாம். கடைக்காரர் கையால் செய்தால் தகராறு. போலீஸ் கையால் செய்தால் சட்டம்.

அடுக்குமாடிப் பூட்டு

கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், மறைமலைநகர், கேளம்பாக்கம் பக்கம் அடுக்குமாடிகள் பெருகிவிட்டன. எந்த அடுக்குமாடியிலும் பார்க்கிங் சண்டை இல்லாத மாதம் இருக்காது. விருந்தாளி வண்டியை அடுத்தவர் இடத்தில் விடுவார். வந்தவர் இடம் இல்லாமல் ஆரன் அடிப்பார். சங்கம் பூட்டை எடுத்து வரும்.

சங்கத்துக்கு விதி போட உரிமை உண்டு. விதியை மீறிய உறுப்பினரிடம், சங்க விதிகளில் உள்ளபடி தொகை கேட்கவும் வழி உண்டு. ஆனால் சங்க விதி என்பது உறுப்பினர்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. விருந்தாளியும், சாமான் கொண்டு வந்த வேன்காரரும் அதில் கையெழுத்துப் போட்டவர் அல்ல.

பொது இடம் சங்க நிர்வாகிகளின் சொத்தும் அல்ல. திறந்த வெளி பார்க்கிங்கையும் தூண்களுக்கு இடையே உள்ள பார்க்கிங்கையும் வீடு கட்டியவர் தனியாக விற்க முடியாது, அது குடியிருப்போரின் பொது இடம் என்று 2010-ம் ஆண்டு மும்பை வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. பராமரிப்புப் பணம் பாக்கி என்பதற்காக ஒரு வீட்டுக்காரரின் காரைப் பூட்டுவது இன்னும் வம்பு. காருக்கும் பாக்கிக்கும் என்ன சம்பந்தம்? பாக்கிக்கு வழி சிவில் கோர்ட்டு.

ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சுவலி என்று ஒருவரை செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். காரில் பூட்டு. சாவி செயலாளர் வீட்டில். செயலாளர் ஊரில் இல்லை. அந்த நிலைமை வந்தால் யார் பதில் சொல்வது? பூட்டு வாங்கத் தீர்மானம் போடும் சங்கங்கள் இதை ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும்.

நிலத்துக்காரர் பக்கமும் நியாயம் உண்டு

இவ்வளவு சொன்னதால் நிலத்துக்காரர் எல்லாரும் வில்லன் என்று அர்த்தம் அல்ல.

காணும் பொங்கல் அன்று மாமல்லபுரத்தில் ஒரு வீட்டுக்காரராக இருந்து பார்த்தால் தெரியும். கேட்டை மறித்து நாலு கார். உள்ளே இருக்கும் ஸ்கூட்டரை எடுக்க முடியாது. மீனவர் குப்பத்தில் வலை காயப்போடும் இடத்தில் வேன் நிற்கும். படகை ஏற்றி வைக்க வழி இருக்காது. கேட்டால், "அஞ்சு நிமிஷம்தான் அண்ணே" என்பார்கள். அந்த அஞ்சு நிமிஷம் சாயங்காலம் வரை நீளும்.

போலீசுக்குப் போன் போட்டால், கூட்டத்தைக் கட்டுப்படுத்தவே ஆள் இல்லை. பட்டா நிலம் என்றால், "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்ற பதில் வரக்கூடும். ஒரு நாள் நின்ற காருக்காக யார் செங்கல்பட்டு கோர்ட்டில் வழக்குப் போட்டு, வக்கீல் வைத்து, வாய்தா வாய்தாவாக நடப்பார்கள்? கோபத்தில் ஒருவர் பூட்டை வாங்குவது அதனால்தான்.

அத்துமீறல் என்ற குற்றப் பிரிவும் முழுசாகக் கை கொடுக்காது. 329-வது பிரிவில் குற்றம் செய்யவோ, மிரட்டவோ, அவமானப்படுத்தவோ, தொந்தரவு கொடுக்கவோ நினைத்து நுழைந்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. இடம் கிடைக்காமல் காரை விட்டுப் போனவருக்கு அந்த எண்ணம் இருந்தது என்று நிரூபிப்பது கஷ்டம்.

நிலத்துக்காரர் செய்யக் கூடியது என்ன? கேட், சங்கிலி, குறுக்குக் கம்பம் போட்டு நுழைய விடாமல் தடுக்கலாம். அது அவர் நிலம், அவர் உரிமை. தமிழில் பெரிய எழுத்தில் போர்டு வைக்கலாம். வண்டி எண்ணோடு போட்டோ எடுத்து வைக்கலாம். போலீசில் எழுத்து மூலம் புகார் கொடுத்து ரசீது வாங்கலாம். திரும்பத் திரும்பச் செய்பவருக்கு வக்கீல் நோட்டீசு விட்டு நஷ்ட ஈடு கேட்கலாம். நுழையும் முன் தடுப்பது வேறு. நுழைந்த பிறகு பூட்டிப் பணம் கேட்பது வேறு.

பூட்டு விழுந்தால் என்ன செய்வது?

வண்டிக்காரர் முதலில் கோபத்தை அடக்க வேண்டும். கல்லைத் தூக்கிப் பூட்டை உடைக்கக் கூடாது. பூட்டு அடுத்தவர் பொருள். உடைத்தால் சேத வழக்கு அவர் மீதே திரும்பும். இங்கிலாந்தில் 1990-களில் ஒருவர் பூட்டை வெட்டி எடுத்துவிட்டு, கடைசியில் அவரே குற்றவாளியாக நின்றார்.

பூட்டு, போர்டு, நுழைவாயில், மணி எல்லாம் தெரியும்படி செல்போனில் படம் எடுக்க வேண்டும். பூட்டியவரிடம் பெயரையும், எந்த அதிகாரத்தில் பூட்டினார் என்பதையும் கேட்க வேண்டும். 112-க்குப் போன் செய்து சொல்ல வேண்டும். நோயாளி, கைக்குழந்தை இருந்தால் அதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.

அவசரத்தில் பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், ரசீது இல்லாமல் கொடுக்கக் கூடாது. "ஆட்சேபணையுடன் கட்டினேன்" என்று ரசீதில் எழுதிக் கையெழுத்துப் போடலாம். ரசீது தர மறுத்தால் செல்போன் வழியாகப் பணம் அனுப்பினால், யார் கணக்குக்குப் போனது என்பதற்கு அதுவே சாட்சி.

கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்தும் பார்க்கிங் என்றால் அது சேவை. குறை இருந்தால் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் கமிஷனுக்குப் போகலாம். வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். அதற்கு முன் யோசனை கேட்க 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

வேண்டும் ஒரு பவுண்டு

செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனது 2019-ம் ஆண்டு. 2022-ல் செஸ் ஒலிம்பியாட் நடந்தது மாமல்லபுரம் பூஞ்சேரியில். கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பரில் திறந்தது. வண்டிகள் பெருகுகின்றன. நிறுத்தும் இடம் அந்த அளவுக்குப் பெருகவில்லை. காலி மனைகள் பார்க்கிங் ஆகின்றன. சண்டை கூடத்தான் செய்யும்.

1871-ல் மாட்டுக்குச் சட்டம் எழுதியவர்கள் இரண்டு பக்கத்தையும் பார்த்தார்கள். பயிர்க்காரருக்குப் பரிகாரம் உண்டு. மாட்டுக்காரருக்குப் பாதுகாப்பும் உண்டு. நடுவில் சர்க்கார் பவுண்டு. காருக்கு இன்று அந்த நடு இடம்தான் காலியாகக் கிடக்கிறது. பட்டா நிலத்தில் நிற்கும் வண்டியை, புகார் கொடுத்த சில மணி நேரத்தில் போலீசோ உள்ளாட்சியோ வந்து அகற்றவும், நியாயமான ஒரு தொகையை வண்டிக்காரரிடம் வாங்கவும் வழி செய்துவிட்டால், யாரும் சொந்தப் பூட்டு வாங்க மாட்டார்கள்.

அந்த வழி வரும் வரை, சட்டம் சொல்வது ஒன்றுதான். சக்கரத்தைப் பூட்டச் சொல்லும் அதிகாரம் சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரிக்கு. காலி மனைக்காரருக்கு இருப்பது கேட்டைப் பூட்டும் உரிமை. அதையும் வண்டி உள்ளே வரும் முன்பே பூட்ட வேண்டும்.